‘அ, ஆ’ மனப்பாடம்... ‘அம்மா’னு படிக்கத் தெரியலையா? கண், காது, கை மூணையும் வெச்சு வாசிக்கக் கத்துக்கொடுக்கும் வழி!

விஜயதசமி காலையில் பூந்தோட்டம் பக்கத்தில் இருக்கிற கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போனால் நிற்க இடம் இருக்காது. காரைக்கால், மயிலாடுதுறை, திருவாரூர்னு சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் மூணு வயசு வாண்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். நெல்லையோ பச்சரிசியையோ பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதவைப்பார்கள். எழுதும்போதே ‘அ’ன்னு வாயால் சொல்லவும் வைப்பார்கள். விரலுக்கு அரிசியின் சொரசொரப்பு, காதுக்கு ஒலி, கண்ணுக்கு வடிவம்... மூணும் ஒரே நொடியில்.

அந்த ஒரு நொடியில் நடக்கிற விஷயத்தைத்தான் இன்று ‘மல்டிசென்சரி ஃபோனிக்ஸ்’ என்று பெயர் வைத்து, கோர்ஸ் போட்டு, கிட் விற்கிறார்கள். கூத்தனூர் கோயிலை ஒட்டி ஓடுகிற அதே அரசலாறுதான் காரைக்காலில் வந்து கடலில் கலக்கிறது. அந்தக் கடற்கரை மணலும் ஒரு நல்ல சிலேட்டுதான் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சிக்கல் விஜயதசமிக்கு மறுநாள் ஆரம்பிக்கிறது. நெல் தட்டு பூஜை அறைக்குப் போய்விடும். குழந்தை கையில் பென்சிலும், கோடு போட்ட நோட்டும். ‘அ-னா அம்மா, ஆ-னா ஆடு’ பாட்டு. யுகேஜி முடிக்கும்போது உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18 எல்லாம் தலைகீழாகச் சொல்லும். பாடப் புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென வாசிக்கும். அப்பா அம்மாவுக்குப் பெருமை தாங்காது. ஆனால் அதே வார்த்தையை ஒரு மளிகைக் கடை போர்டில் காட்டினால் முழிக்கும். ஏனென்றால், அது வாசிக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறது.

உங்க வீட்டுக் குழந்தை எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய டெஸ்ட் இருக்கிறது. இங்கிலாந்தில் 2012-லிருந்து ஒண்ணாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு ஃபோனிக்ஸ் தேர்வு நடத்துகிறார்கள். மொத்தம் 40 வார்த்தைகள். அதில் பாதி அர்த்தமே இல்லாத வார்த்தைகள்! மனப்பாடம் செய்திருக்கவே முடியாது, எழுத்தை ஒலியாக மாற்றத் தெரிந்தால்தான் வாசிக்க முடியும். அதையே தமிழில் செய்து பாருங்கள். ‘டபம்’, ‘மிடா’, ‘பாமுடி’ என்று ஒரு பேப்பரில் எழுதி, “இது ஒரு பூதத்தோட பேரு, என்னன்னு சொல்லு பார்ப்போம்”னு கேளுங்கள். சொல்லிவிட்டால் கவலையில்லை. சொல்லவில்லை என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

ஃபோனிக்ஸ்னா என்ன, ‘மல்டிசென்சரி’ எங்கிருந்து வந்தது?

எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை நேரடியாக, ஒரு வரிசையில் சொல்லிக்கொடுப்பது ஃபோனிக்ஸ். எளிதானது முதலில், கடினமானது பிறகு. கற்ற நாலைந்து எழுத்தை உடனே கோத்து வார்த்தையாக்கிவிட வேண்டும். ஏ, பி, சி, டி வரிசை இதற்கு உதவாது. பல ஆங்கிலப் பள்ளிகளில் இப்போது பின்பற்றப்படும் ‘ஜாலி ஃபோனிக்ஸ்’ முறையில் முதல் ஆறு எழுத்து எஸ், ஏ, டி, ஐ, பி, என். இந்த ஆறே எழுத்தில் ஏகப்பட்ட குட்டி வார்த்தைகளை உருவாக்கிவிடலாம் என்பதுதான் காரணம். மொத்தம் 42 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கை அசைவு.

கையையும் உடம்பையும் சேர்த்துக்கொள்வது அமெரிக்காவில் 1930-களில் ஒரு முறையாக உருவானது. சாமுவேல் ஆர்ட்டன் என்ற மருத்துவர், புத்திசாலியாக இருந்தும் வாசிக்கத் திணறும் குழந்தைகளைக் கவனித்தார். அன்னா கில்லிங்ஹாம் என்ற கல்வியாளர் அவரோடு சேர்ந்து பாடங்களை வடிவமைத்தார். எழுத்தைப் பார், ஒலியைச் சொல், அதே நேரத்தில் விரலால் எழுது. இந்த மூன்றையும் பிரிக்கவே கூடாது. டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கான பயிற்சிகளில் பெரும்பகுதி இன்றும் ‘ஆர்ட்டன் - கில்லிங்ஹாம்’ வழியில் வந்தவைதான்.

மணலில் எழுதியது நாம்தான்!

இதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று சொன்னால் நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் சிரிப்பார்கள். காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1706-ல் ஜெர்மனியிலிருந்து வந்து இறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்ற கதை சுவாரஸ்யமானது. அப்போது அவருக்கு வயது 20-களின் நடுவில். குட்டிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி, வாயால் சொல்லித்தான் தமிழ் எழுத்துகளைப் படித்தார். சில ஆண்டுகளில் தமிழில் புத்தகம் அச்சடிக்கும் அளவுக்குப் போனார். 1715-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிய கதை. 1789-ல் சென்னையில் ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் மணல் தட்டைக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் ஒரு அறிக்கை வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்ற பெயரிலேயே பிரிட்டன் முழுக்கப் பரவியது. நம்ம ஊர் மணல் லண்டன் வகுப்பறைக்குப் போன கதை இது.

1939-ல் இன்னொருவர் சென்னைக்கு வந்தார். மரியா மாண்டிசோரி. அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர், உலகப் போர் காரணமாகத் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் இருந்தார். அவருடைய புகழ்பெற்ற கருவி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகள். பெயின்ட் அடிக்குமுன் மரத்தைத் தேய்ப்போமே, அதே உப்புத்தாள். ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதில் எழுத்தை வெட்டி அட்டையில் ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஆயிரக்கணக்கில் பணம் கட்டி ‘டேக்டைல் லெட்டர் கிட்’ ஆர்டர் செய்ய வேண்டியதில்லை.

தமிழ் இங்கிலீஷ் மாதிரி இல்லை

யூடியூபில் ஃபோனிக்ஸ் வீடியோ பார்த்து, அதை அப்படியே தமிழுக்குப் போட்டால் சரியாக வராது. இங்கிலீஷில் எழுத்து 26, ஒலி சுமார் 44. ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து. தமிழில் அந்தக் கொடுமை குறைவு. எழுதியபடி வாசிக்கலாம். ஆனால் எழுத்து 247. உயிர்மெய் மட்டுமே 216. கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வு செய்த சோனாலி நாக், இந்த மாதிரி எழுத்துமுறையில் முழு எழுத்துகளையும் பிடிக்கக் குழந்தைகளுக்கு ஆரம்பப் பள்ளி ஆண்டுகளின் பெரும்பகுதி தேவைப்படுவதைக் காட்டியிருக்கிறார். தமிழும் அதே குடும்பம்தான். அதனால் “யுகேஜி முடிஞ்சும் சரளமா வாசிக்கலையே”னு பதறுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்.

தமிழில் குழந்தைகள் தடுக்கி விழுகிற இடங்கள் எவை என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை முடிந்தது.

முதல் வில்லன் ‘இக், இங், இச்’. மெய்யெழுத்தை நாம் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். விளைவு, ‘பக்கம்’ என்ற வார்த்தையைக் குழந்தை ‘ப... இக்... க... இம்’ என்று வாசிக்கும். அதைக் கோத்தால் எந்த வார்த்தையும் வராது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாகச் சொல்ல வைக்காதீர்கள். முந்தைய எழுத்தோடு ஒட்டுங்கள். ‘பக்... கம்’. ‘ம்’ என்றால் உதட்டை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகினால் போதும். புள்ளி ஒரு அற்புதமான கருவி என்பதையும் சொல்ல வேண்டும். ஒலியிலிருந்து உயிரை எடுத்துவிட்டேன் என்று கண்ணுக்குக் காட்டும் அடையாளம் அது. இங்கிலீஷுக்கு அப்படி ஒன்று கிடையாது.

இரண்டாவது, எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் மாறுவது. ‘கெ’ என்ற எழுத்தில் கண்ணுக்கு முதலில் தெரிவது ஒற்றைக் கொம்பு, ஆனால் காதுக்கு முதலில் கேட்பது ‘க்’. ‘கொ’ இன்னும் மோசம். ரெண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய குழந்தை இங்கே குழம்புவது இயல்பு. தப்பு குழந்தையுடையது இல்லை. இந்த எழுத்துகளைத் தனித்தனியாகக் கோக்கச் சொல்லாமல் கொம்பும் எழுத்தும் சேர்ந்த ஒரே படமாகக் காட்டுவது நல்லது. கொம்பை ஒரு கலர் அட்டையிலும் எழுத்தை இன்னொரு கலர் அட்டையிலும் வெட்டி, கையால் நகர்த்திச் சேர்க்கவைத்தால் சீக்கிரம் பிடிபடும்.

மூன்றாவது, உகர வரிசை. கா, சா, டா... எல்லாவற்றுக்கும் ஒரே துணைக்கால். ஆனால் கு, சு, து, பு, மு, ரு, கூ, தூ என்று போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்து ணை, லை, றா போன்றவற்றின் பழைய வடிவங்களை நேராக்கியபோதும், உகரம் அப்படியே தங்கிவிட்டது. இதற்குக் குறுக்குவழி இல்லை. ஒவ்வொன்றாகக் கையால் எழுதித்தான் பழக வேண்டும். வாரத்துக்கு ரெண்டு போதும்.

அப்புறம் நம்ம ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ சமாசாரம். ண, ன, ந... ல, ள, ழ... ர, ற. வீட்டில் ‘வாளப்பளம்’ என்று பேசிவிட்டு, குழந்தை ‘வாழைப்பழம்’ என்று பிழையில்லாமல் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். ஒலியில் வித்தியாசம் இல்லாத இடத்தில் காது உதவாது. இங்கேதான் கையும் நாக்கும் வேலைக்கு வருகின்றன.

மூக்கைப் பிடி, விரல் சொடக்கு!

தமிழ் நெடுங்கணக்கை ஒருமுறை நிதானமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். க-வுக்கு நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் போய் முட்டும். ச-வுக்கு நாக்கின் நடுப்பகுதி. ட-வுக்கு நாக்கு நுனி மேலே மடங்கும். த-வுக்குப் பல்லைத் தொடும். ப-வுக்கு உதடு. பின்னாலிருந்து முன்னால் வருகிற வரிசை! ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே இடத்தில் பிறக்கிற மூக்கொலி. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம. தொல்காப்பியத்தில் எழுத்து எங்கே பிறக்கிறது என்பதற்கென்றே ‘பிறப்பியல்’ என்று ஒரு தனி இயல் இருக்கிறது. நாம் அதைத் தேர்வுக்குப் படித்து மறந்துவிட்டோம். உண்மையில் அது ஒரு ஃபோனிக்ஸ் சார்ட்.

குழந்தையிடம் இதை விளையாட்டாகச் செய்யலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ப’ சொல்லச் சொல்லுங்கள், வரும். அப்படியே ‘ம்ம்ம்’ சொல்லச் சொல்லுங்கள், திணறும். விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் ப-வும் ம-வும் ஏன் வேறு என்று அதற்குப் பிறகு மறக்காது. கண்ணாடி முன்னால் நின்று ‘ந’ சொன்னால் நாக்கு பல்லுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும். ‘ண’ சொன்னால் நாக்கு மேலே மடங்கும். பார்த்துவிட்டு எழுதினால், ‘மூணு சுழி’ என்று வெறுமனே மனப்பாடம் செய்வதைவிடப் பிடிப்பு அதிகம்.

காரைக்காலில் மதரசாவுக்கு ஓதப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி ஏற்கெனவே பழக்கம். அரபி எழுத்து எந்த இடத்தில் பிறக்கிறது என்று உஸ்தாதுகள் வாயைக் காட்டித்தான் திருத்துவார்கள். அந்தக் குழந்தைகள் வலமிருந்து இடமாக ஒரு மொழி, இடமிருந்து வலமாக ரெண்டு மொழி என்று மூன்று எழுத்துமுறைகளை ஒரே வயதில் சமாளிக்கிறார்கள். அதைப் பெரியவர்கள் யாரும் ஒரு சாதனையாகவே பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

குறில், நெடிலுக்கும் நம்மிடம் ரெடிமேட் கருவி இருக்கிறது. மாத்திரை என்பதற்குப் பழைய இலக்கணம் தரும் அளவே கண் இமைப்பதும் கை நொடிப்பதும்தான். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு ரெண்டு. ‘படம்’ என்பதற்கும் ‘பாடம்’ என்பதற்கும் சொடக்குப் போட்டுக் காட்டுங்கள். சொடக்கு வராத வாண்டு கைதட்டட்டும்.

தினமும் பத்தே நிமிஷம்: வீட்டில் எப்படிச் செய்வது?

தொடக்கத்துக்கு ட, ப, ம மூன்றும் வசதி. ட-வும் ப-வும் நேர்க்கோட்டில் முடிந்துவிடும், ம-வில் மட்டும் ஒரு வளைவு. ‘அ’ எவ்வளவு சுழி, எவ்வளவு வளைவு என்று யோசித்துப் பாருங்கள். மூணு வயசு விரலுக்கு அதைவிடக் கடினமான எழுத்து குறைவு. ட, ப, ம மூன்றோடு புள்ளியைச் சேர்த்தாலே படம், மடம், பட்டம், மட்டம், பப்படம் வந்துவிடும். துணைக்காலைச் சேர்த்தால் பாடம், மாடம். முதல் வாரத்திலேயே குழந்தை நிஜமாக வாசிக்க ஆரம்பித்துவிடும். அந்த சந்தோஷம்தான் அடுத்த வாரத்துக்கு எரிபொருள்.

ஒரு தாம்பாளத்தில் மெல்லியதாக மணலைப் பரப்புங்கள். மணல் வேண்டாம் என்றால் கோலப்பொடி, ரவை, உமி எதுவும் ஆகும். முதலில் நீங்கள் ஒலியைச் சொல்லிக்கொண்டே பெரிதாக எழுதிக் காட்டுங்கள். பிறகு குழந்தை, அதே தடத்தில் விரலை ஓட்டி, ஒலியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்து, தட்டைக் குலுக்கி அழித்துவிட்டு, பார்க்காமல் எழுதட்டும். மூன்றாவது கட்டம்தான் முக்கியம். தடத்தின் மேல் ஓட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள்.

வாய் பேசாமல் கை மட்டும் எழுதினால் அது டிராயிங். நிறைய இடங்களில் நடப்பது அதுதான். நாலு பக்கம் ‘ப’ எழுதிவிட்டு, அது என்ன எழுத்து என்று தெரியாத குழந்தைகள் உண்டு.

எழுத்துகளைக் கோக்கக் கிளிஞ்சல் எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்காலில் கிளிஞ்சல்மேடு என்றே ஒரு மீனவ கிராமம் இருக்கிறது, கிளிஞ்சலுக்கா பஞ்சம்! உள்ளூர்க்காரர்களுக்குப் புளியங்கொட்டையும் ஓகே. ‘கடல்’ என்று சொல்லி, க-வுக்கு ஒன்று, ட-வுக்கு ஒன்று, ல்-லுக்கு ஒன்று என மூன்று கிளிஞ்சலை நகர்த்த வேண்டும். பிறகு மூன்றின் மேலும் விரலை வேகமாக இழுத்து ‘கடல்’. டேனியல் எல்கோனின் என்ற ரஷ்ய உளவியலாளர் ஒலிகளைப் பிரித்துக் காட்டக் கட்டங்களையும் வில்லைகளையும் பயன்படுத்தினார், அதே உத்திதான். கடலிலிருந்து மணல், வலை, படகு, நண்டு என்று போங்கள். குழந்தை தினமும் பார்க்கிற பொருளாக இருந்தால், கோத்து முடிக்கும் முன்பே மூளை வார்த்தையைத் தாவிப் பிடிக்கும். ‘ப-ட-ம்’ என்று தனித்தனியாகச் சொல்லும்போது ‘ட’ அழுத்தமாக வரும், வார்த்தையில் மெலிந்துவிடும். இதற்கு விதி சொல்ல வேண்டாம். தமிழ் பேசும் குழந்தைக்கு அது தானாகவே வரும்.

அப்புறம் பஸ் போர்டு. இதைவிட நல்ல வாசிப்புப் புத்தகம் கிடையாது. ‘நிரவி’யில் ஆரம்பிக்கலாம், மூணே எழுத்து. ‘பூவம்’, ‘நாகூர்’ அடுத்து. ‘காரைக்கால்’ என்பதில் துணைக்கால் ரெண்டு, புள்ளி ரெண்டு, ஒரு இணைக்கொம்பு. ‘நெடுங்காடு’ வந்தால் ஒற்றைக் கொம்பு. ‘கோட்டுச்சேரி’யில் முன்னும் பின்னும் அணைக்கிற ‘கோ’-வும், இடப்பக்கக் கொம்போடு ‘சே’-வும் சேர்ந்து வந்துவிடும். ‘திருநள்ளாறு’ படித்துவிட்டால் ள-வும் பெரிய ற-வும் பாஸ். அம்பகரத்தூர் கிளைமாக்ஸ். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதைச் செய்யலாம், தனியாக நேரம் ஒதுக்கக்கூட வேண்டாம்.

பத்து நிமிஷத்துக்கு மேல் போகாதீர்கள். குழந்தை தப்பாகச் சொன்னால் “இல்ல”னு கத்தாமல், அந்த எழுத்தின் மேல் மறுபடி விரலை வைக்கச் செய்யுங்கள். விரல் பெரும்பாலும் வாயைத் திருத்திவிடும்.

வீட்டில் வாசிக்கத் தெரியாத தாத்தா, பாட்டி இருந்தாலும் இதில் பங்கு உண்டு. கதை சொல்வது, விடுகதை போடுவது, ‘க-வில் ஆரம்பிக்கிற மீன் பேரு சொல்லு’ என்று கேட்பது எல்லாமே ஒலியைப் பிரித்துக் கேட்கும் பயிற்சிதான். எழுத்தே தேவையில்லை.

இங்கிலீஷுக்கு வரும்போது...

இங்கே நமக்கென்று ஒரு தனிப் பிரச்னை இருக்கிறது. வல்லினத்தில் முடிகிற வார்த்தை தமிழில் இல்லை. அதனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ‘உ’ சேர்ப்போம். பஸ்ஸு, கேட்டு, புக்கு. ஃபோனிக்ஸில் ‘கேட்’ என்ற வார்த்தையைப் பிரிக்கும்போதும் ‘கு - ஆ - டு’ என்று சொல்லிவிட்டால், கோக்கும்போது பூனை வராது, ‘குஆடு’தான் வரும். உயிரில்லாத ஒலியைச் சொல்லப் பழக வேண்டும். அதற்கு நம்ம புள்ளியே துணை. ‘க்’, ‘ட்’ என்று தமிழில் எழுதிக் காட்டினால் புள்ளி பழகிய குழந்தை பட்டென்று பிடித்துக்கொள்ளும். தாய்மொழியில் ஒலியைப் பிரிக்கத் தெரிந்த குழந்தைக்கு இரண்டாவது மொழி சுலபமாவது இப்படித்தான். ‘எஃப்’, ‘இஸட்’ ஒலிகளுக்கு மட்டும் உதட்டையும் பல்லையும் கண்ணாடியில் பார்த்துப் பழக்குங்கள்.

ரெண்டு மொழியையும் ஒரே வாரத்தில் புதிதாக ஆரம்பிக்காமல் இருப்பது நல்லது. ‘ப’-வும் இங்கிலீஷ் ‘யு’-வும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் என்பதை மறந்துவிடுகிறோம்.

பாலம் தாண்டினால் பாடம் மாறும்

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு தனி நிலைமை. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், தமிழ்நாடு. அங்கே அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனிலிருந்து ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் நடக்கிறது. குழந்தைகளை வகுப்பை வைத்து மட்டும் பார்க்காமல், வாசிக்கும் நிலையை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். அட்டை, பாட்டு, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. இதற்கு ஒரு முன்கதையும் இருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போன செயல்வழிக் கற்றல்.

காரைக்கால் யூனியன் பிரதேசம் என்பதால் கதை வேறு. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. மத்திய அரசின் ‘நிபுண் பாரத்’ திட்டம் 2021 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 2026-27-க்குள் ஒவ்வொரு குழந்தையும் மூணாம் வகுப்பு முடிப்பதற்குள் புரிந்து வாசிக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. நாகூரில் பெரியம்மா வீட்டுப் பிள்ளையும் காரைக்காலில் உங்க பிள்ளையும் ஒரே வயசு, ஒரே தமிழ், வேற வேற புத்தகம். அதனால் ‘அவன் படிக்கிறான், நீ படிக்கலையே’ என்ற ஒப்பீட்டை முதலில் நிறுத்துங்கள். வரிசையே வேறு.

உண்மையிலேயே வேலை செய்யுமா?

ஃபோனிக்ஸ் பகுதிக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் வெளியிட்ட அறிக்கை, ஒலிப்பை முறையாகச் சொல்லிக்கொடுப்பது குழந்தைகளின் வாசிப்புக்கு உதவுகிறது என்று சொன்னது. ஆனால் அவை பெரும்பாலும் இங்கிலீஷ் வாசிப்பு பற்றிய ஆய்வுகள்.

‘மல்டிசென்சரி’ பகுதியில் கொஞ்சம் நிதானம் தேவை. ஆர்ட்டன் - கில்லிங்ஹாம் ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வந்த ஒரு பகுப்பாய்வு, முன்னேற்றம் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்றது. மணல் மந்திரம் இல்லை. ஒலிகளை வரிசையாக, விடாமல் சொல்லிக்கொடுப்பதுதான் அடித்தளம். மணலும் கிளிஞ்சலும் குழந்தையை அந்தப் பத்து நிமிஷம் உட்காரவைக்கும், கவனத்தைப் பிடித்துவைக்கும். “உங்க குழந்தை ‘விஷுவல் லேர்னர்’, அதுக்குத் தனி பேக்கேஜ்” என்று யாராவது சொன்னால் பர்ஸைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கண் ரகம், காது ரகம் என்று பிரித்துப் பாடம் நடத்தினால் பலன் கூடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் எல்லாப் புலனும் தேவை.

போனில் ஆப் இருக்கே, போதாதா என்று கேட்பீர்கள். 2012-ல் இண்டியானா பல்கலைக்கழகத்தின் காரின் ஜேம்ஸ், வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று விதமாக எழுத்துகளைப் பழகவைத்தார். சிலவற்றைக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேல் வரைந்தார்கள், சிலவற்றை டைப் செய்தார்கள். பிறகு மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, சுயமாகக் கையால் எழுதிப் பழகிய எழுத்துகளைப் பார்க்கும்போதுதான் வாசிப்புக்கான பகுதிகள் விழித்துக்கொண்டன. புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுத்தால் ஸ்டார் கொடுக்கும் ஆப்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். சரியான ஒலியைக் கேட்க, கதை கேட்கப் போனைப் பயன்படுத்துங்கள். எழுத மட்டும் தட்டும் சிலேட்டும் பல்பமும் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் வரவில்லை என்றால்?

ஆறு மாதம் விடாமல் செய்தும், நேற்று படித்த எழுத்து இன்று புதுசாகத் தெரிகிறதா? வாய்வழியாகக் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிற குழந்தை, புத்தகத்தைத் திறந்தால் வயிற்று வலி என்கிறதா? முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணாடி போட்டதும் சரியாகிற கேஸ்களும் உண்டு. அவை சரியாக இருந்தும் திணறல் தொடர்ந்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். இது புத்திக் குறைவு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ‘மக்கு’ என்று ஒருமுறை முத்திரை விழுந்துவிட்டால் அதைத் துடைக்கப் பல வருஷம் ஆகும். வாசிப்பு வராததைவிட அந்த முத்திரை செய்யும் சேதம் பெரிது.

சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இயங்குகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2018-ல் வந்த வழிகாட்டுதல்படி, எட்டு வயசுக்கு மேல்தான் சான்றிதழ் தருவார்கள். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி பரிசோதனை உண்டு. எட்டு வயசு வரை காத்திருக்க வேண்டும் என்பது சான்றிதழுக்கு மட்டும்தான். மணல் தட்டுப் பயிற்சியை அதற்கு முன்பே ஆரம்பித்துவிடலாம், சந்தேகம் வந்த அன்றைக்கே. சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். அதற்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேசி ஃபைலைத் தயார் செய்துவிடுங்கள்.